ஒரு கைநாட்டும் மூன்று கையெழுத்தும்

ஜனவரி 8

இது என் நோட்டு. என் பெயர் இரா. ஆவுடையப்பன். வயது அறுபத்தொன்பது. ஊர் சங்கரன்கோவில். இவ்வளவு எழுத அரைமணி நேரம் ஆகிவிட்டது. செண்பகம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னதையும் எழுதுகிறேன்.

ஜனவரி 9

காலையில் எழுந்ததும் பார்த்தேன். நேற்று எழுதியது அப்படியே இருக்கிறது.

ஜனவரி 12

கனடாவிலிருந்து கோமதி பேசினாள். கோமதி என் தங்கை. என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. அதன்பிறகு நான் லாரி செட்டில் மூட்டை தூக்கினேன், அவள் பி.எஸ்சி. படித்தாள். அப்படித்தான் கணக்கு சரியாக வந்தது.

அவள் மகள் தேனருவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் லூக். வெள்ளைக்காரப் பையன். குற்றாலத்து அருவியின் பெயரை வைத்த பிள்ளையை அவன் ‘தேனு’ என்கிறானாம். அந்த அளவுக்கு நாக்கு வளைந்ததே பெரிது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மணப்பெண்ணைத் தாய்மாமன் கையில் ஏந்தித் தூக்கி வந்து மணையில் உட்காரவைக்க வேண்டும். குறைந்தது மூன்று அடி. பெண் நடந்து வந்து உட்காரக் கூடாது. தேனருவிக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

“நான் வேணா வீடியோல ஆசீர்வாதம் பண்ணுதேன் ளா” என்றேன்.

“வீடியோல தூக்குவியா?” என்றாள்.

“புள்ள எத்தனை கிலோ இருக்கும்?” என்று கேட்டேன்.

“அம்பத்தெட்டு.”

ஒரு சிமெண்ட் மூட்டையும் எட்டு கிலோ அரிசியும். நாற்பத்தாறு வருஷம் தூக்கியவன். தூக்கிவிடலாம். விசா வர வேண்டும், அவ்வளவுதான். செண்பகம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ராஜபாளையம் பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவள்.

ஜனவரி 19

இன்று என் வாழ்க்கையில் பெரிய நாள்.

பரமகல்யாணி டீச்சரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், சாயங்காலம் நகராட்சிப் பள்ளியில் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். எழுத்தறிவுப் பரீட்சையில் நூற்றைம்பதுக்கு நூற்று முப்பத்தொன்று நான் வாங்கியது அவரால்தான். என்னைவிட முப்பது வயது சின்னவர். நான் டீச்சர் என்பேன். அவர் பெரியப்பா என்பார்.

கனடாவிலிருந்து கோமதி அனுப்பிய படிவங்களை அவர் அச்சடித்துக் கொடுத்தார். மூன்று இடத்தில் கையெழுத்து. மைப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். டீச்சர் கண் கலங்கிவிட்டது. கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக் கூப்பிட்டு, “பாருங்க, எங்க பெரியப்பா கையெழுத்துப் போடுதாரு” என்றார். போட்டோ எடுத்தார். ஒருவர் கை தட்டினார்.

முதல் இடத்தில் முழுப்பெயரை எழுதினேன். இரண்டாவது இடத்தில் ‘ஆவுடை’ என்று மட்டும் போட்டு, பேங்க் மேனேஜர் மாதிரி அடியில் இரண்டு கோடு இழுத்தேன். மூன்றாவதில் ‘ன்’ எழுத்தின் வாலை மேலே கொண்டுபோய்ப் பெயரை மூன்று சுற்று சுற்றிக் கட்டினேன். அதுதான் எல்லாவற்றிலும் அழகு.

நாலு வருஷத்துக்கு முன்பு பாஸ்போர்ட் எடுத்தபோது இடது கட்டைவிரலை வைத்தேன். அது அந்தக் காலம்.

பிப்ரவரி 4

சென்னைக்குப் போய்விட்டு வந்தேன். விசாவுக்குக் கைரேகை எடுக்க வேண்டுமாம். குளிர்சாதன அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்மா” என்றேன்.

“சந்தோஷம் சார். விரல் வைங்க.”

வைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். விழவில்லை. “சார், உங்களுக்கு ரேகையே இல்ல” என்றாள். மூட்டைச் சாக்கு தின்றுவிட்டது என்று சொன்னேன். நெற்றியில் விரலைத் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைக்கச் சொன்னாள். இருபது நிமிஷம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற பையன் நான் ஏதோ பெரிய யோசனையில் இருப்பதாக நினைத்து இடம் விட்டு நின்றான்.

கடைசியில் விழுந்துவிட்டது. ஒரு கைநாட்டிலிருந்து தப்பி வந்தவனிடம் பத்து கைநாட்டு வாங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 9

டீச்சர் கடைக்குப் போய்க் கேட்டேன். விசா வரவில்லை.

பிப்ரவரி 10

காலை, மத்தியானம், சாயங்காலம் கேட்டேன். வரவில்லை.

பிப்ரவரி 12

டீச்சர் சொன்னார்: “பெரியப்பா, இது இட்லியா, வெந்துச்சா வெந்துச்சான்னு தொறந்து தொறந்து பாக்கதுக்கு? மூணு மாசம் கூட ஆவும்.”

விண்ணப்பம் கோமதியின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் திறக்கும் ரகசியச் சொல் டீச்சரிடமும் உண்டு. திறந்தால் பச்சை நிறத்தில் ஒரு கோடு வருகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். இன்று அந்தக் கோடு கொஞ்சம் நீண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. இல்லை என்கிறார்.

பிப்ரவரி 16

கடைவாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார். ‘விசா விவரம் கேட்க வருவோர் திங்கள், வியாழன் மட்டும் வரவும்.’ நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. இந்த ஊரில் விசா கேட்க வருகிறவன் நான் ஒருவன். எனக்காக ஒரு போர்டு எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 18

இன்று புதன். போர்டை வாசிப்பதற்காக மட்டும் போனேன்.

பிப்ரவரி 21

மாப்பிள்ளை லூக் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். தமிழில். ஃபோனிலேயே தமிழ் படிக்கிறானாம். இன்று எழுதியது: ‘மாமா வணக்கம். விசா வந்ததா. நான் நலம் இல்லை. நீங்கள் நலமா.’

இரண்டு பேரும் ஒரே வகுப்பு மாதிரி இருக்கிறது. நான் பதில் எழுத இருபது நிமிஷம் ஆனது. அதை வாசிக்க அவனுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. எதற்கு நலம் இல்லை என்று கேட்டிருந்தேன். ‘கீழே குளிர்’ என்று பதில் வந்தது. கனடாவில் மேலே கீழே எல்லா இடமும் குளிர்தானே. பையனுக்கு இன்னும் தமிழ் போதாது.

மார்ச் 2

செண்பகம் வைத்த ரசம் இன்று கழுநீர் மாதிரி இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன். நோட்டு இருப்பது எவ்வளவு வசதி.

மார்ச் 5

விசா ஆபீசர் மேசையிலேயே தூங்குகிறார் என்று நினைக்கிறேன். சம்பளம் மட்டும் வாங்கிக்கொள்வார். எங்கள் செட்டில் இப்படி ஒருவர் இருந்தார்.

மார்ச் 8

கனடாவுக்குக் கொண்டுபோகச் செண்பகம் ஜனவரியிலேயே பெட்டி கட்டிவிட்டாள். முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். இருபத்துமூன்று கிலோ. கையால் தூக்கியே சொன்னேன், செட்டுத் தராசில் வைத்தால் அதேதான். இன்று தூக்கிப் பார்த்தேன். பதினெட்டரை.

“பெட்டி இளைச்சிருக்கு” என்றேன்.

“காத்திருந்தா யாருக்கும் இளைக்கத்தான் செய்யும்” என்றாள் செண்பகம். வாய் ஓரத்தில் அதிரசம் ஒட்டியிருந்தது.

மார்ச் 11

கொல்லையில் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப் பழகுகிறேன். மேலே அரிசிப்பையைக் கட்டிவைத்தேன். முதுகில் தூக்குவது வேறு, ஏந்தித் தூக்குவது வேறு. பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மூட்டையைக் கையில் ஏந்தி மூன்று அடி நடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். செண்பகத்திடம் போய், “அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?” என்று மெல்லக் கேட்டாளாம்.

மார்ச் 14

திங்கள் வரை விசா கேட்க முடியாது. எழுத வேறு விஷயம் இல்லை. பழசை எழுதுகிறேன்.

கோமதி 1996-ல் கல்யாணமாகிக் கனடா போனாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். செட் முகவரிக்குத்தான் வரும். புக்கிங் கிளார்க் வாசித்துச் சொல்வார். அவருக்குப் பெரிய குரல். கடிதம் வந்தால் மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவர் பெண்குரலில் இழுத்து இழுத்து வாசிப்பார். ‘அண்ணே, உன் ஞாபகம் வந்து நேத்து பஸ்ஸுல அழுதுட்டேன்’ என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். அதை அவர் அழுதே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு அப்புறம் அவள் ஃபோன் செய்தபோது, இனிமேல் கடிதம் போடாதே, வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷம் சரியாகப் பேசவும் இல்லை.

கை வலிக்கிறது. இன்று இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

மார்ச் 26

ஒரு உண்மை தெரிந்தது. எழுதவே சிரிப்பாக வருகிறது.

லூக் ஒரு போட்டோ அனுப்பினான். சின்ன ஜன்னல், அதுவும் கூரைக்குப் பக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே பனி. பக்கத்தில் துணி துவைக்கும் மெஷின். ‘இது என் வீடு’ என்று எழுதியிருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. கோமதிக்கு ஃபோன் போட்டு, மாப்பிள்ளை ஏழையா என்று கேட்டேன்.

“அது நம்ம வீட்டு பேஸ்மென்ட்தான். வீட்டுக்கு அடியில இருக்க ரூம்” என்றாள்.

“அவன் எதுக்கு ளா உங்க வீட்டுக்கு அடியில இருக்கான்?”

அப்போதுதான் சொன்னாள். பிப்ரவரியிலேயே இரண்டு பேரும் அரசாங்க ஆபீசில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்களாம். வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிந்து அவன் பெட்டியோடு வந்துவிட்டானாம். சட்டப்படி புருஷன் பெண்டாட்டி.

“ஆனா மாமன் தூக்கி மணையில வைக்கல. தாலி ஏறல. என்னப் பொறுத்தவரைக்கும் இன்னும் கல்யாணம் ஆவல. அதான் அவன் கீழ, அவ மேல” என்றாள் கோமதி. “சாப்பாட்டுக்கு மட்டும் மேல வருவான். ஒம்பது மணிக்கு நான் கதவச் சாத்திருவேன்.”

“பாவம் ளா.”

“பாவம்னா சீக்கிரம் வா. வைகாசி இல்லன்னா ஆனி. ஆடி பொறந்துட்டா அப்புறம் ஆவணிதான். அதுவரைக்கும் அவன் கீழதான்.”

பையன் தினமும் ‘விசா வந்ததா’ என்று கேட்பது என் மேல் உள்ள பாசத்தினால் என்று நினைத்திருந்தேன். பாசமும் இருக்கலாம்.

ஏப்ரல் 9

விசா ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விசா இல்லை. கேள்வி.

டீச்சர் வாசித்துச் சொன்னார். பாஸ்போர்ட்டில் இருப்பது இடது கட்டைவிரல் ரேகை. விண்ணப்பத்தில் இருப்பது மூன்று கையெழுத்து. மூன்றும் ஒன்றுபோல் இல்லை. இவற்றை யார் போட்டது? விண்ணப்பதாரருக்கு எழுதத் தெரியும் என்பதற்கு ஆதாரம் தர வேண்டும். முப்பது நாளுக்குள் தராவிட்டால் நிராகரிக்கப்படும்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “நான்தான் கிறுக்கச்சி பெரியப்பா. ஊருக்கெல்லாம் கைநாட்டா கையெழுத்தான்னு கேட்டு ஃபாரம் நிரப்புதவ நான். நீங்க பேனாவ எடுத்த சந்தோஷத்துல பாஸ்போர்ட்ட நினைக்கவே இல்லியே. அது சரி, மூணும் ஏன் மூணு மாதிரி இருக்கு?”

“ஒரே மாதிரி போட்டா பாக்கவங்களுக்கு அலுப்பா இருக்குமேன்னுதான்” என்றேன்.

கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கைநாட்டுக்கு அந்தக் கவலையே இல்லை, அது தானாக அமைந்துவிடும்.

நான் கவலைப்படவில்லை. இன்று சாப்பிடவில்லை. பசி இல்லை. அது வேறு விஷயம்.

ஏப்ரல் 10

லூக் கேட்டான். இன்னும் இல்லை என்று எழுதினேன். அவன் அனுப்பியது: ‘பரவாயில்லை மாமா. இங்கே பனி போய்விட்டது. இப்போது தண்ணீர் வருகிறது.’ தண்ணீர் எங்கே வருகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 11

நோட்டரி வக்கீலிடம் போனோம். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேர் மாத்துறதுக்கு ஃபாரம் இருக்கு. மதம் மாறுறதுக்கு ஃபாரம் இருக்கு. கைநாட்டுலேருந்து கையெழுத்துக்கு மாறுறதுக்கு எங்கிட்ட ஃபாரம் இல்லையே” என்றார்.

பிறகு அவரே ஒன்று அடித்துக் கொடுத்தார். அதில் கையெழுத்துப் போடவா, கைநாட்டு வைக்கவா என்று ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் இரண்டும் போட்டேன். பக்கத்தில் பக்கத்தில். என் பழைய விரலும் என் புதுப் பெயரும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எழுதத் தெரியும் என்பதற்கு இது மட்டும் போதாதாம். சான்றிதழில் என் பெயரும் மதிப்பெண்ணும்தான் இருக்கின்றன. என் கைப்பட எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார்.

இந்த நோட்டைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 12

டீச்சர் நோட்டை முழுக்க வாசித்தார். எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவர். எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, இங்கிலீஷிலும் எழுதி, தேதியோடு அனுப்பப் போகிறாராம். ஜனவரியில் எழுத்து எப்படி இருந்தது, ஏப்ரலில் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் விளங்கிவிடும் என்கிறார்.

“மார்ச் அஞ்சாம் தேதிய மட்டும் விட்டுருவோம் டீச்சர்” என்றேன். ஆபீசர் தூங்குகிறார் என்று எழுதிய பக்கம்.

“விட்டா சந்தேகம் வரும் பெரியப்பா. கிழிச்ச பக்கம் ஒண்ணு இருந்தா மொத்த நோட்டையும் நம்ப மாட்டாங்க.”

வீட்டில் செண்பகத்திடம் சொன்னேன். எல்லாப் பக்கமுமா என்றாள். எல்லாப் பக்கமும் என்றேன். அவளும் என்னோடு டீச்சரிடம் எழுத்துப் படித்தவள். நோட்டைப் பிடுங்கி வாசித்தாள். மார்ச் இரண்டில் நின்றாள்.

“கழுநீரா?” என்றாள்.

நான் கொல்லைக்குப் போனேன்.

“ஒரு கவுர்மெண்டே என் ரசத்தப் பத்திப் படிக்கப் போவுது. இந்தாரும், இன்னைக்கு ரசம் வைக்கேன். குடிச்சிட்டு எழுதும். நல்லாருக்குன்னு எழுதும்.”

இன்று ரசம் மிகவும் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 13

ரசம் இன்றும் மிகவும் நன்றாக இருந்தது.

மதிப்பிற்குரிய விசா ஆபீசர் அய்யா அவர்களுக்கு வணக்கம். மார்ச் ஐந்தாம் தேதி எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று எனக்கு வயிறு சரியில்லை. நீங்கள் தூங்குகிறவர் இல்லை. மூன்று கையெழுத்தையும் உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் செட்டில் இருந்தவர் வேறு மாதிரி.

மூன்றும் நான்தான். உங்களுக்கு மூன்றாவது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 14

இன்றோடு பக்கங்கள் போய்விட்டன. டீச்சர் கோமதிக்கு அனுப்பினார். கோமதி அவளுடைய கணக்கில் ஏற்றி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவள் வாசித்துப் பார்ப்பாளாம்.

அது எனக்கு முன்பே தோன்றவில்லை.

ஏப்ரல் 15

கோமதி ஃபோன் செய்யவில்லை.

ஏப்ரல் 16

கோமதி ஃபோன் செய்யவில்லை. வேலை இருக்கும். தமிழ்ப் புத்தாண்டுக்குக்கூட ஃபோன் வரவில்லை. வேலை இருக்கும்.

ஏப்ரல் 17

ஃபோன் வந்தது. எடுத்தேன்.

“அண்ணே.”

“சொல்லு ளா.”

“அந்தக் கிளார்க்கு பேரு என்ன?”

“எதுக்கு ளா? அவரு செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு.”

“நல்லவேளை” என்றாள். “இல்லன்னா டிக்கெட் எடுத்து வந்திருப்பேன்.”

பிறகு மூக்கைச் சிந்தினாள். வாத்தியார் வீட்டில் வாழ்க்கைப்பட்டதும் நான் உன்னைக் கேவலமாக நினைக்கிறேன் என்று எண்ணித்தான் நீ கடிதம் போடாதே என்றாய் என்றல்லவா இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். அதை விளங்கிக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படி நான் நினைக்கவே இல்லை. அவள் அப்படி நினைத்ததும் எனக்குத் தெரியாது.

“எல்லாம் ஏத்தியாச்சு அண்ணே. நாப்பத்தொரு பக்கம்.”

“அந்தப் பக்கமுமா?”

“அந்தப் பக்கம்தான் முதல்ல.”

கண்ணில் தூசி விழுந்ததால் இன்று இவ்வளவு போதும்.

ஏப்ரல் 27

ஆபீசர் அய்யா, பக்கங்கள் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். இதை நீங்கள் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் மரியாதைக்கு எழுதுகிறேன். இங்கே வெயில். பெட்டி பதினான்கு கிலோ. செண்பகத்தின் ரசம் தொடர்ந்து நன்றாக இருக்கிறது.

மே 4

அய்யா, நீங்கள் கல்யாணமானவராக இருந்தால் லூக்கை நினைத்துப் பாருங்கள்.

மே 7

திங்கள், வியாழன் இரண்டு நாளும் போகவில்லை. போனால் ‘இல்லை’ என்று வந்துவிடுமோ என்று இருக்கிறது. டீச்சரே வீட்டுக்கு வந்து, “உடம்புக்கு என்ன? போர்டு தனியா தொங்குது” என்றார்.

மே 12

சிமெண்ட் மூட்டையைத் தூக்கவில்லை. எதற்கு என்று தோன்றியது. சாயங்காலம் செண்பகம் அதைக் கொல்லையிலிருந்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். மூச்சு வாங்கியது. “தூக்கும்” என்றாள். தூக்கினேன். ஐந்து அடி.

மே 16

காலை பல் தேய்க்கும்போது ஃபோன் அடித்தது. லூக். இதுவரை எழுதுவானே தவிரப் பேச மாட்டான். பின்னால் யாரோ படிகளில் தடதடவென்று ஓடும் சத்தம். அது அவனேதான், ஓடிக்கொண்டே பேசினான்.

“மாமா, வந்தது. வந்தது மாமா. நான் மேலே போகிறேன்.”

பிறகு கோமதியின் குரல். “எங்கேப்பா ஏறி வாற? அண்ணன் இன்னும் வரல, விசாதான் வந்திருக்கு. கீழ போ.”

படிகளில் மெதுவாக இறங்கும் சத்தம் கேட்டது.

பல்பொடி நுரையோடு டீச்சர் கடைக்குப் போனேன். இன்று விசா கேட்கும் நாள் இல்லை, சனிக்கிழமை. போர்டில் அப்படித்தான் இருக்கிறது. டீச்சர் போர்டைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்.

மே 17

ஆபீசர் அய்யா, நன்றி. நீங்கள் நல்லா இருப்பீர்கள்.

மே 29

பாஸ்போர்ட் சென்னைக்குப் போய் விசா ஒட்டித் திரும்பி வந்துவிட்டது. அழகான படம் போட்ட தாள். ஜூன் 7-ஆம் தேதி முகூர்த்தம். டிக்கெட் ஜூன் 3. செண்பகம் திரும்பவும் இருபத்துமூன்று கிலோ கட்டிவிட்டாள். இந்தத் தடவை பூட்டுப் போட்டுச் சாவியை என் பனியனில் ஊக்கு குத்தி மாட்டியிருக்கிறாள்.

“நாலு மாசம் நிம்மதியா இருப்பேன்” என்றாள். மூன்று தடவை சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 4

கனடா. விமான நிலையத்தில் வயதானவன் என்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். நாற்பத்தாறு வருஷம் தள்ளுவண்டி தள்ளியவனை ஒருவன் தள்ளிக்கொண்டு போகிறான். கூச்சமாக இருந்தது. நீ உட்கார், நான் தள்ளுகிறேன் என்று சைகை காட்டினேன். அவன் பயந்துவிட்டான்.

கவுண்டரில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு அம்மாளைக் கூப்பிட்டார்கள். “பொண்ணைத் தூக்க வந்திருக்கேன்” என்றேன். அந்த அம்மாள் அதை இங்கிலீஷில் சொல்லாமல் என்னையே பார்த்தார். பிறகு விளக்கமாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 7

முகூர்த்தம் முடிந்தது.

மண்டபத்தில் முந்நூறு பேர். பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், வேட்டி கட்டிக்கொண்டு பெல்ட்டும் போட்டிருந்தார்கள். தேனருவி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். “மாமா, நகை வேற போட்டிருக்கேன். அறுபத்தி ரெண்டு இருப்பேன். வேண்டாம்னா நடந்துருதேன், அம்மாகிட்ட சொல்லிக்கிடலாம்” என்று காதில் சொன்னாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை மாதிரியே இல்லை, அப்படியே சங்கரன்கோவில் பேச்சு.

தூக்கினேன். எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு அடி. இரண்டு. மாப்பிள்ளை லூக் மணையிலிருந்து பாதி எழுந்து, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். மூன்று. ஏழாவது அடியில் மணை வந்துவிட்டது, அங்கேயே இறக்கியிருக்கலாம். கோமதி மணைக்குப் பக்கத்தில் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும், மணையைத் தாண்டி அவள் நிற்கும் இடம் வரைக்கும் போய்விட்டேன். ஒன்பது அடி. பிறகு எல்லோரும் சொன்னதால் திரும்பி வந்து மணையில் இறக்கினேன். அது ஒரு இரண்டு அடி. மொத்தம் பதினொன்று.

தாலி ஏறியது. லூக் என் காலில் விழுந்தான். எழுந்திருக்கச் சொல்லக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை.

ஜூன் 8

லூக் நேற்றே பெட்டியை மேலே கொண்டுபோய்விட்டான். என்னால் படி ஏற முடியவில்லை. அதனால் பேஸ்மென்டில் நான் இருக்கிறேன். கட்டில் நல்ல கட்டில். துணி துவைக்கும் மெஷின் ஓடும்போது முதுகுக்கு இதமாக இருக்கிறது. தண்ணீர் இப்போது வரவில்லை.

சாயங்காலம் கோமதி தைலத்தோடு கீழே வந்தாள். முதுகில் தேய்த்துவிட்டாள். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தப் போகவில்லையா என்று கேட்டேன். இனிமேல் யாருக்காகச் சாத்துவது என்றாள்.

நான் நோட்டை எடுத்ததும், என்ன எழுதுகிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நீ போய்த் தூங்கு ளா, நான் எழுதி முடிக்க நேரம் ஆகும் என்றேன். ஆகட்டும் என்றாள். ஒவ்வொரு எழுத்தாக என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசித்துக் காட்ட வேண்டாம், அவளே வாசிக்கிறாள். சிரிக்கவில்லை. இந்த வரி வந்ததும்தான் சிரித்தாள்.